விஎஃப்டிக்கு எந்தப் பெட்டி, எந்த கேபிள், எந்த பிரேக்கர்?

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. 7.5 கிலோவாட், 415 வோல்ட், மூணு பேஸ் மோட்டார். மரத்தூள் பறக்கிற பட்டறை. மோட்டார் ஸ்பீடை கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி (டிரைவ்னும் சொல்வோம்) வாங்கியாச்சு, அதோட பாடி ஐபி 20, அதாவது தூசிக்கும் தண்ணிக்கும் பாதுகாப்பு இல்லாதது. அதை தூசியே புகாத ஐபி 65 ஸ்டீல் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டா போதுமா, பழைய ஸ்டார் டெல்டா (மோட்டாரை ரெண்டு கட்டமா ஸ்டார்ட் பண்ற) பேனல்ல இருந்த கான்டாக்டர் (காயில்ல இயங்குற பவர் சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே, பிரேக்கர் எல்லாத்தையும் அப்படியே எடுத்து மாட்டலாமா, மோட்டாருக்கு ஏற்கனவே கிடக்கிற சாதா நாலு கோர் கேபிளே போதுமா, இதான?

மூணுக்குமே "அப்படியே வேணாம்"னுதான் சொல்வேன். ஏன்னு விளக்கமா சொல்றேன், காரணம் புரிஞ்சாதான் உங்க இடத்துக்கு ஏத்த மாதிரி நீங்களே முடிவெடுக்க முடியும். ரெண்டு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. பெட்டியை தீர்மானிக்கிறது சூடு. வயரிங்கை தீர்மானிக்கிறது, டிரைவ்ல இருந்து கிளம்புற ஹை ஃப்ரீக்வென்சி கரண்ட் எந்த வழியா திரும்பி வருதுங்கிறது. ஸ்டார் டெல்டா பேனல்ல இந்த ரெண்டையும் பத்தி யாரும் பெருசா யோசிச்சிருக்க மாட்டாங்க, யோசிக்க வேண்டிய தேவையும் அங்க இல்ல.

முதல்ல பெட்டி. விஎஃப்டியோட எஃபிஷியன்சி சுமாரா 97 சதவீதம், அதாவது ஃபுல் லோடுல ஒரு 3 சதவீதம் சூடா போகும். 7.5 கிலோவாட்டுக்கு 225 வாட். அதோட லைன் சோக் (சப்ளை பக்கத்துல போடுற காயில்), எஸ்எம்பிஎஸ் (கன்ட்ரோலுக்கான பவர் சப்ளை), கான்டாக்டர் காயில் எல்லாம் சேர்த்தா 260 வாட்னு வச்சுக்கலாம் (உங்க டிரைவ் மேனுவல்ல ஹீட் லாஸ் எவ்வளவுனு வாட்ல தனியா போட்டிருப்பான், அதை எடுத்துக்கோங்க, அதான் சரியான கணக்கு). இப்போ 800 மிமீ உயரம், 600 அகலம், 300 ஆழம் இருக்கிற ஒரு பெட்டியை சுவத்துல மாட்டுறீங்க. பின்பக்கம் சுவரோட ஒட்டியிருக்கு, அதை விட்டுட்டா முன்பக்கம், ரெண்டு சைடு, மேல், கீழ் எல்லாம் சேர்த்து 1.32 சதுர மீட்டர் வருது. பெயின்ட் அடிச்ச ஸ்டீல் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமாரா 5.5 வாட் சூட்டைத்தான் வெளிய விடும். 260ஐ 5.5 தடவை 1.32ஆல வகுத்தா 36 டிகிரி வருது. வெளிய 40 டிகிரின்னா உள்ள 76. பெரும்பாலான டிரைவ் 40 இல்லைன்னா 50 டிகிரி வரைக்கும்தான் ஃபுல் கரண்ட் தாங்கும், அதுக்கு மேல டீரேட் பண்ணணும், அதாவது கரண்டை குறைச்சு ஓட்டணும், 60ஐ தாண்டினா எந்த உத்தரவாதமும் கிடையாது. உடனே எரிஞ்சு போகும்னு இல்ல. கொஞ்ச நேரத்துல ஓவர் டெம்பரேச்சர் ட்ரிப் வரும், ட்ரிப் வராத அளவுக்கு லோடு கம்மியா இருந்தாலும் உள்ள இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுசு சுமாரா பாதியா குறையும். வாங்கின டிரைவ் பத்து வருஷம் ஓடுமா ரெண்டு வருஷம் ஓடுமாங்கிறது இந்த ஒரு கணக்குலயே முடிவாயிடுது.

சரி, ஃபேன் இல்லாம சீல் பண்ணின பெட்டியிலயே 10 டிகிரிக்குள்ள வச்சுக்கணும்னா எவ்வளவு பெரிய பெட்டி வேணும்? 4.7 சதுர மீட்டர் பரப்பு. அது ஆளுயரத்துக்கு தரையில நிக்கிற பேனல். ஒரு 7.5 கிலோவாட் டிரைவுக்கு அதை யாரும் போட மாட்டாங்க. சின்ன டிரைவுன்னா, 0.75 கிலோவாட் 1.5 கிலோவாட் மாதிரி, கொஞ்சம் பெரிய பெட்டியா எடுத்து மூடி வச்சுடலாம், அங்க கணக்கு ஒத்து வரும். 5 கிலோவாட்டை தாண்டிட்டாலே சூடு வெளிய போக ஒரு வழி பண்ணியே ஆகணும்.

வழிகள்ல ஃபில்டர் ஃபேன்தான் எளிமையானது. காத்து எவ்வளவு வேணும்னு பார்க்க, வாட்டை 3.1ஆல பெருக்கி அனுமதிக்கிற டிகிரி வித்தியாசத்தால வகுக்கணும், 260 தடவை 3.1, வகுத்தல் 10, மணிக்கு 80 கன மீட்டர். ஆனா ஃபேன் மேல எழுதியிருக்கிறது பல சமயம் ஃபில்டர் இல்லாம வீசுற காத்து, ஃபில்டரும் எக்ஸாஸ்ட் கிரில்லும் சேர்ந்தா நல்லாவே குறைஞ்சிடும், அதுல தூசி அடைச்சா இன்னும் குறையும், அதனால ஃபில்டரோட சேர்த்து 120 குடுக்கிற மாதிரி எடுங்க. ஃபேன் கீழ, உள்ள தள்ளுற மாதிரி. எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம் மேல. உள்ள தள்ளினா பெட்டிக்குள்ள பிரஷர் கொஞ்சம் கூடி இருக்கும், கதவு இடுக்கு வழியா தூசி உள்ள வராது. மேல வச்சு வெளிய இழுத்தா பெட்டி எல்லா ஓட்டை வழியாவும் தூசியை உறிஞ்சும். இந்த தப்பை நிறைய பேனல்ல பார்க்கலாம்.

ஆனா உங்க இடத்துல மரத்தூள் இருக்கு, அதுதான் எனக்கு கவலை. ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், யாராவது ஒழுங்கா மாத்தலைன்னா ஃபேன் சுத்தியும் காத்து வராது. அதுக்கு மேல, நைஸ் மரத்தூள் தீப்பிடிக்கிற தூசி, காத்துல அடர்த்தியா கலந்தா வெடிக்கவும் செய்யும், அந்த மாதிரி ஏரியான்னு வகைப்படுத்தின இடத்துல சாதாரண பேனலை வைக்கவே கூடாது, ஐபி 65 எழுதியிருந்தாலும் அது வெடிப்பு பாதுகாப்புக்கான சர்டிஃபிகேட் ஆகாது. ஐபி நம்பரோட முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு, அவ்வளவுதான். முதல் எண் 5ன்னா வேலையைக் கெடுக்கிற அளவுக்கு தூசி போகாது, 6ன்னா சுத்தமா போகாது. அதனால என்னோட முதல் யோசனை, பெட்டியை தூள் பறக்கிற இடத்துலயே வைக்காதீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் சுத்தமான இடம் இருந்தா அங்க ஐபி 54 ஸ்டீல் பெட்டியை ஃபில்டர் ஃபேனோட வையுங்க, மோட்டார்கிட்ட ஸ்டார்ட் ஸ்டாப் பட்டனும் ஸ்பீடை மாத்துற பொட்டன்ஷியோமீட்டர் குமிழும் மட்டும் இருக்கட்டும். இதனால மோட்டார் கேபிள் நீளமாகும், அதோட விளைவை கீழ சொல்றேன்.

அப்படி இடமே இல்லைன்னா ரெண்டு வழி. ஹீட்சிங்க்கை பெட்டியோட பின்பக்கம் வெட்டி வெளிய நீட்டுற மாதிரி மாட்டுறது, ஃபிளாஞ்ச் மவுன்ட்னு சொல்வாங்க, சூட்டோட பெரும்பங்கு வெளியவே போயிடும், உள்ள கொஞ்சம்தான் மிஞ்சும், பெட்டியை மூடியே வச்சுக்கலாம். எல்லா மாடலுக்கும் அந்த கிட் கிடைக்காது. இல்லைன்னா டிரைவை மாத்திட்டு ஐபி 55, ஐபி 66 பாடியோடவே வர்ற டிரைவா வாங்கி நேரா சுவத்துல மாட்டுறது. ஒரே ஒரு மோட்டார்னா என் மனசுக்கு இதுதான் சரி. பெட்டி, ஃபேன், ஃபில்டர், அதை மாத்துற ஆள் எல்லாத்தையும் கணக்கு போட்டா பெருசா வித்தியாசம் இருக்காது, தலைவலி குறைவு. பேனல் ஏசி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் நாலஞ்சு டிரைவ் ஒண்ணா இருக்கிற பேனலுக்கு.

பிளாஸ்டிக் பெட்டி, எஃப்ஆர்பி (ஃபைபர்கிளாஸ்) பெட்டி துரு பிடிக்காது, உப்புக்காத்து இருக்கிற இடத்துல நல்லது, ஆனா சூட்டை வெளிய விடாது, மின் இரைச்சலையும் தடுக்காது, டிரைவுக்கு நான் சொல்ல மாட்டேன். வெளிய வெயில்ல வைக்கிறதா இருந்தா வெயில் படுற சூடு தனிக்கணக்கு, மேல ஒரு கூரைத்தகடு கொஞ்சம் இடைவெளி விட்டு கட்டாயம் வேணும். ராத்திரி நிறுத்தி வைக்கிற பேனல்ல ஈரம் கோர்க்கும், அதுக்கு சின்ன ஸ்பேஸ் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் போடுங்க. கேபிள் எல்லாம் கீழ்ப்பக்கத்து கிளாண்ட் பிளேட் வழியாவே வரட்டும், மேல ஓட்டை போட்டா ஒருநாள் தண்ணி டிரைவ் மேலதான் சொட்டும். கடல் மட்டத்துல இருந்து 1000 மீட்டருக்கு மேல இருக்கிற இடம்னா, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் கரண்ட் குறைச்சுக்கணும்.

பெட்டிக்குள்ள வைக்கிற முறை. டிரைவுக்கு மேலயும் கீழயும் குறைஞ்சது 100 மிமீ காலியா விடுங்க, மேனுவல் அதிகம் கேட்டா அதிகம். வயரிங் டக்டை அழகா இருக்குன்னு டிரைவோட காத்து வாய்க்கு நேரா ஒட்டி ஓட்டாதீங்க. சோக்கை டிரைவுக்கு நேர் கீழ வச்சா அதோட சூட்டை டிரைவ் உறிஞ்சும், பக்கத்துலயோ மேலயோ வையுங்க. ஒரு டிரைவுக்கு நேர் மேல இன்னொரு டிரைவ் வைக்காதீங்க. பிரேக் ரெசிஸ்டர் (மோட்டாரை நிறுத்தும்போது திரும்பி வர்ற பவரை சூடா கரைக்கிறது) இருந்தா அது பெட்டிக்கு வெளிய, தொட முடியாத கூண்டுக்குள்ள, தெர்மல் சுவிட்சோட, அந்த சுவிட்ச் இன்புட் கான்டாக்டரை ஆஃப் பண்ற மாதிரி. மவுன்டிங் பிளேட் பெயின்ட் அடிச்சதா இல்லாம ஜிங்க் பூசினதா கேட்டு வாங்குங்க. அந்த பிளேட்தான் ஹை ஃப்ரீக்வென்சிக்கு எர்த், பெயின்ட் மேல டிரைவை முடுக்கினா நாலு ஸ்குரூ வழியாதான் தொடர்பு, அதுவும் அரைகுறை.

இனி சப்ளை பக்கம். 7.5 கிலோவாட் மோட்டார் 415 வோல்ட்ல சுமார் 15 ஆம்ப் எடுக்கும். ஆனா டிரைவோட இன்புட் கரண்ட் வேற. டிரைவ் உள்ள ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் இருக்கறதால சைன் வேவோட உச்சியில மட்டும் கரண்டை முட்டி முட்டி இழுக்கும், சோக் எதுவும் இல்லைன்னா ஹார்மோனிக்ஸ் 80 சதவீதத்தையும் தாண்டும், ஆர்எம்எஸ் கரண்ட் மோட்டார் கரண்டை விட கூடும். 3 சதவீதம் இல்லைன்னா 5 சதவீதம் லைன் சோக் போட்டா அது சுமார் பாதியா இறங்கும், கேபிளும் பிரேக்கரும் சூடாகாது, லைன்ல வர்ற சர்ஜும் ரெக்டிஃபையரை அடிக்காது. டிரைவ்லயே டிசி சோக் இருக்கான்னு பாருங்க, இருந்தா பல இடத்துல அதுவே போதும். இல்லைன்னா இது கூடுதல் செலவுன்னு நினைக்காம போட்டுடுங்க. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே இருந்தாலோ, அதே லைன்ல பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் பேங்க் ஆன் ஆஃப் ஆனாலோ சோக் இல்லாம நான் ஓட்டவே மாட்டேன்.

பிரேக்கர் ரேட்டிங் இந்த சைஸுக்கு 25 இல்லைன்னா 32 ஆம்ப் வரும், ஆனா என் வார்த்தையை விட மேனுவல் டேபிளை நம்புங்க. காரணம் இருக்கு. டிரைவோட ஷார்ட் சர்க்யூட் தாங்குற திறன், அதுல எழுதியிருக்கிற குறிப்பிட்ட ஃபியூஸோ பிரேக்கரோ போட்டாதான் செல்லும். சில மாடலுக்கு எம்சிசிபி (மோல்டட் கேஸ் பிரேக்கர்) போதும், சிலதுக்கு ஃபாஸ்ட் ஆக்டிங் ஃபியூஸ்தான்னு கண்டிப்பா சொல்லியிருப்பான். பிரேக்கர் ஐஜிபிடியை (டிரைவ் உள்ள கரண்டை வெட்டுற டிரான்சிஸ்டர்) காப்பாத்தும்னு எதிர்பார்க்காதீங்க, அந்த வேகம் அதுக்கு கிடையாது, அதை டிரைவோட எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கும். உள்ள எதாவது வெடிச்சா பெட்டியும் கேபிளும் எரியாம தடுக்கிறதுதான் ஃபியூஸோட வேலை.

எர்த் லீக்கேஜ் பிரேக்கர் பத்தி நிறைய பேர் குழம்புறாங்க. டிரைவ்ல இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டரும் மோட்டார் கேபிளும் சேர்ந்து சாதாரணமாவே எர்த்துக்கு கரண்ட் கசியவிடும், 30 மில்லிஆம்ப் போட்டா சும்மா சும்மா ட்ரிப் ஆகும். மூணு பேஸ் டிரைவ்ல ஃபால்ட் வந்தா டிசி கரண்டும் கசியலாம், சாதாரண ஏசி டைப், ஏ டைப் அதை பார்க்காது, குருடாயிடும். கட்டாயம் போடணும்னு விதி இருந்தா பி டைப்தான் சரி, ஆபத்து குறைவான இடத்துல தீப்பாதுகாப்புக்கு 300 மில்லிஆம்ப் பி டைப் வைப்பாங்க. லீக்கேஜ் 3.5 மில்லிஆம்பை தாண்டுறதால எர்த் வயர் குறைஞ்சது 10 ஸ்கொயர் எம்எம் காப்பரா இருக்கணும், இல்லைன்னா ரெண்டு தனித்தனி எர்த் வயர் ஓட்டணும். பேஸ் வயர் 4 ஸ்கொயர்தானே, எர்த்தும் 4 போதும்னு விட்டுடாதீங்க, அந்த எர்த் ஒருநாள் கழண்டா மோட்டார் பாடியைத் தொடுறவன் கதி என்னாகும்னு யோசிங்க.

பழைய கான்டாக்டரை என்ன பண்றது? இன்புட் பக்கம் ஒண்ணு வச்சுக்கலாம், எமர்ஜென்சிக்கும் ஐசொலேஷனுக்கும். ஆனா அதை வச்சு மோட்டாரை தினமும் ஸ்டார்ட் ஸ்டாப் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற ரெசிஸ்டர் வதைபடும், அது போனா டிரைவே போச்சு. ஸ்டார்ட் ஸ்டாப் கன்ட்ரோல் டெர்மினல்லதான். அவுட்புட் பக்கம், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல, கான்டாக்டர் வேணாம். ஓடிக்கிட்டிருக்கும்போது அது திறந்தா டிரைவ் ஓவர் கரண்ட் ட்ரிப் ஆகும், மோசமா போனா ஐஜிபிடி போகும். மோட்டார் பக்கத்துல ஐசொலேட்டர் வேணும்னா, மெயின் திறக்கிறதுக்கு முன்னாடியே திறக்கிற ஆக்ஸிலரி கான்டாக்ட் இருக்கிறதா வாங்கி, அதை டிரைவோட எனேபிள்ல கோர்த்து விடுங்க. டிரைவ் கெட்டா நேரா லைன்ல ஓட்டிக்கலாம்னு பைபாஸ் வைக்கிறவங்க மெக்கானிக்கல் இன்டர்லாக் இல்லாம தொடவே கூடாது, டிரைவோட அவுட்புட்டான யு வி டபிள்யூ டெர்மினல்ல லைன் சப்ளை ஏறின அடுத்த நொடி டிரைவ் முடிஞ்சது. அவுட்புட்ல கெப்பாசிட்டர் கட்டுறதும் அதே கதி.

ஓவர்லோடு ரிலே ஒரு மோட்டாருக்கு தேவையில்ல, நேம்பிளேட் கரண்டை டிரைவ்ல போட்டுட்டா அதுவே கணக்கு பார்க்கும். ஒரே டிரைவ்ல ரெண்டு மூணு மோட்டார் ஓட்டுறீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் தனி ரிலே கட்டாயம், மொத்த கரண்ட்தான் டிரைவுக்கு தெரியும். ரொம்ப நேரம் கம்மி ஸ்பீடுல ஓட்டப்போறீங்கன்னா மோட்டாரோட சொந்த ஃபேன் காத்து பத்தாது, வைண்டிங்ல பிடிசி (சூட்டை உணர்ற சென்சார்) இருந்தா அதை டிரைவ்ல கட்டுங்க.

இப்போ மோட்டார் கேபிள், எனக்கு இதுலதான் ரொம்ப அக்கறை. மோட்டாருக்கு போறது சைன் வேவ் இல்ல. 415 வோல்ட் ரெக்டிஃபை ஆகி சுமார் 587 வோல்ட் டிசி ஆகுது, அதை ஒரு நொடிக்கு சில ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புது, ஒவ்வொரு வெட்டும் மைக்ரோ செகண்டோட சின்னப் பங்குல ஏறி இறங்குது. கேபிள் நீளமா இருந்தா அந்த அலை மோட்டார் முனையில மோதித் திரும்பி, டெர்மினல்ல வோல்டேஜ் கிட்டத்தட்ட ரெட்டிப்பா, 1200 வோல்ட் பக்கத்துல நிக்கும். பழைய மோட்டாரோட இன்சுலேஷன் அதை நாள்பட தாங்காது. அதனாலதான் பேனலை தள்ளி வச்சா நீளம் பார்க்கணும்னேன். அனுமதிச்ச நீளம் மேனுவல்ல இருக்கும், ஷீல்டு கேபிளுக்கு (மேல உலோக வலை சுத்தினது) ஒரு அளவு, சாதா கேபிளுக்கு ஒரு அளவு. அதை தாண்டினா அவுட்புட் சோக் இல்லைன்னா டிவி பை டிடி ஃபில்டர் (வோல்டேஜ் ஏறுற வேகத்தைக் குறைக்கிறது), ரொம்ப தூரம்னா சைன் ஃபில்டர் (சைன் வேவ் மாதிரி ஆக்குறது). கேரியர் ஃப்ரீக்வென்சியை (நொடிக்கு எத்தனை வெட்டுங்கிறதை) முடிஞ்ச அளவு கம்மியா வச்சா லீக்கேஜும் குறையும் டிரைவ் சூடும் குறையும், மோட்டார் கொஞ்சம் கீச்சுனு கத்தும், பட்டறையில அது யாருக்கும் கேக்காது.

சாதா நாலு கோர்ல மோட்டார் சுத்தும், அதுல சந்தேகமில்ல. ஆனா ஒவ்வொரு வெட்டுலயும் கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு கரண்ட் பாயும், அது எப்படியாவது டிரைவுக்கு திரும்பியே ஆகணும். ஷீல்டு இருந்தா அது வழியா கேபிளுக்குள்ளயே அடக்கமா திரும்பும். இல்லைன்னா மெஷின் பாடி, டிரே, சென்சார் கேபிள், மோட்டார் பேரிங்னு கிடைச்ச வழியில எல்லாம் போகும், சென்சார் ரீடிங் ஆடும், பேரிங்ல கோடு கோடா குழி விழும், யாரும் டிரைவை சந்தேகப்பட மாட்டாங்க. அதனால மூணு பேஸும் எர்த்தும் சமமா பின்னின ஷீல்டு கேபிள் போடுங்க. ஆர்மர்டு (உலோகக் கவசம் போட்ட) கேபிள்தான் கிடைக்குதுன்னா, ஆர்மரை ரெண்டு முனையிலயும் நல்ல கிளாண்ட் வச்சு எர்த் பண்ணினா ஓரளவு பலன் உண்டு. ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணணும், சுத்திவர 360 டிகிரி பிடிக்கிற இஎம்சி கிளாண்ட் (மின் இரைச்சலைத் தடுக்கிற கேபிள் பிடி) இல்லைன்னா கிளாம்ப் வச்சு. ஷீல்டை முறுக்கி வாலாக்கி ஒரு லக் அடிச்சு கட்டினா ஹை ஃப்ரீக்வென்சிக்கு அந்த வால் பாதி அடைச்ச வழிதான், செலவு பண்ணின ஷீல்டு வீண்.

சைஸ் 15 ஆம்புக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் பொதுவா போதும், கேபிள்களை ஒண்ணா கட்டி சூடான இடத்துல ஓட்டினா 6. டெர்மினல் எவ்வளவு பெரிய வயர் ஏத்துக்கும்னு முன்னாடியே பாருங்க. மோட்டார் கேபிளை கன்ட்ரோல் கேபிளோட ஒரே டக்ட்ல விடாதீங்க, 300 மிமீயாவது தள்ளிப் போகணும், குறுக்க வந்தா 90 டிகிரியில தாண்டணும். ஸ்பீடு சிக்னலுக்கு 0 முதல் 10 வோல்ட்டை விட 4 முதல் 20 மில்லிஆம்ப் மின் இரைச்சலுக்கு அசையாது, தூரமா இருந்தா அதுதான். அனலாக் ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும் எர்த் பண்ணினா போதும். ஆர்எஸ் 485 (கம்யூனிகேஷன் லைன்) ஓட்டினா ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர். கான்டாக்டர், ரிலே காயிலுக்கெல்லாம் சர்ஜ் சப்ரஸர். மல்டி ஸ்ட்ராண்ட் வயர் எல்லாத்துக்கும் ஃபெரூல் (வயர் முனைக் குழாய்) அடிச்சு, பவர் டெர்மினலை டார்க் ஸ்குரூடிரைவர்ல மேனுவல் சொல்ற அளவுக்கு முடுக்குங்க, டெர்மினல் கருகினதுல பெரும்பாலும் லூஸ் கனெக்ஷன்தான் காரணமா இருக்கும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை டிரைவோட எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) இன்புட்ல ரெண்டு சேனலா கட்டலாம், மோட்டார் டார்க் உடனே போயிடும், ஆனா சுத்திக்கிட்டிருக்கிற பிளேடு தானா நிக்கிற வரைக்கும் சுத்தும்கிறதை மறக்காதீங்க. எஸ்டிஓ போட்டாலும் டெர்மினல்ல வோல்டேஜ் இருக்கும், கை வைக்கணும்னா ஐசொலேட்டர்தான். ஐசொலேட்டர் ஆஃப் பண்ணின பிறகும் டிசி பஸ்ல (டிரைவ் உள்ள கெப்பாசிட்டர்ல) சார்ஜ் நிக்கும், மேனுவல் சொல்ற நேரம், 5ல இருந்து 15 நிமிஷம், காத்திருந்து, டிசி பிளஸ் மைனஸ்ல மீட்டர் வச்சுப் பார்த்துட்டு தொடுங்க, கதவுல அதை எழுதி ஒட்டுங்க. மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) போடணும்னா யு வி டபிள்யூவை டிரைவ்ல இருந்து கழட்டிட்டு மோட்டாரும் கேபிளும் மட்டும் போடுங்க.

எல்லாம் முடிச்சு ஓட்டும்போது கதவை மூடி, ஃபுல் லோடுல ரெண்டு மணி நேரமாவது ஓட்டி, பெட்டிக்குள்ள டிரைவோட காத்து நுழையிற கீழ்ப்பக்கத்துல டெம்பரேச்சர் எடுத்துப் பாருங்க. கதவைத் திறந்து வச்சுப் பார்த்தா எல்லா பேனலும் பாஸ்தான். அந்த ரீடிங்கோட, உங்க இடத்துல வருஷத்துலயே அதிகமா வர்ற வெயிலுக்கும் அன்னைக்கு இருந்த வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்க, மேனுவல்ல சொன்ன அளவுக்குள்ள வந்தா அந்தப் பெட்டி போதும், வரலைன்னா இன்னொரு ஃபேனுக்கு இப்பவே ஓட்டை போடுங்க.